காரைக்காற் பேயின் பாட்டில் மாம்பழம் எங்கே?

நிரவி மகள்:

காரைக்கால் பக்கம் பிறந்தவளுக்குச் சிவனடியாரான காரைக்கால் அம்மையாரின் கதையை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா, அமுது படையல் என்று ஊரே அந்தக் கதையை நடத்திக் காட்டிவிடும். பிச்சாண்டவர் வரும் தெருவில் மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளை வரம் கேட்டு அந்தப் பழத்தைப் பிடிக்க வருகிறவர்கள் பலர். குறி தப்பிய பழம் மண்டையில் விழுந்து வீங்கிப்போனவர்களும் உண்டு.

அண்மையில் சைவப் பாடல் தொகுப்பான பதினோராம் திருமுறையை எடுத்து அவர் பாடியவற்றை முழுதாகப் படித்தேன். மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்த்து 22, திருவிரட்டை மணிமாலை 20, அற்புதத் திருவந்தாதி 101, ஆக 143 பாடல்கள். ஒன்றிலும் மாம்பழம் இல்லை. கணவன் இல்லை. புனிதவதி என்ற பெயர்கூட இல்லை. தன்னைச் சொல்லும்போது 'காரைக்காற் பேய்' என்று சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

நாங்கள் பழம் இறைத்துக் கொண்டாடும் மருமகளும் சுடுகாட்டைப் பாடிய இந்தப் பேயும் ஒருவர்தானா? படித்தவர்கள் சொல்லுங்கள். வம்புக்குக் கேட்கவில்லை.

பழையடியான்:

ஒருவரேதான் அம்மா, சந்தேகம் வேண்டாம். பாட்டு என்ன தன்வரலாறா, நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைக்க? அப்பருக்குச் சூலை நோய் வந்தது அவர் பாட்டிலேயே இருக்கிறது. எல்லா அடியாரும் அப்படிச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமா?

சேக்கிழார் பெரியபுராணத்தில் 66 பாடல்களில் சொல்லியிருப்பதைச் சுருக்கித் தருகிறேன், தெரியாதவர்களுக்காக. காரைக்கால் வணிகர் தனதத்தனுக்கு ஒரே மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குக் கட்டிக் கொடுத்தார். பிரிய மனமில்லாமல் மகளையும் மருமகனையும் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தார். ஒரு நாள் பரமதத்தன் தனக்கு வந்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். அந்த நேரம் பார்த்துப் பசியோடு ஓர் அடியார் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. ஒரு பழத்தை வைத்துச் சோறிட்டார். மதியம் கணவன் மற்றதைத் தின்றுவிட்டு ருசி பிடித்துப்போய் இன்னொன்றையும் கேட்டான். உள்ளே போய் இறைவனை நினைத்தார். கையில் ஒரு கனி வந்தது. அதைத் தின்றவன் 'இது முன்னதைப் போல இல்லையே, எங்கே பெற்றாய்?' என்றான். உண்மையைச் சொன்னார். 'அப்படியானால் இன்னொன்று வரவழை' என்றான். வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. அன்றோடு அவர் அவனுக்கு மனைவி இல்லை, தெய்வம்.

சோறு தயார், கறி தயாரில்லை. இந்தச் சின்ன விவரத்தைக் கற்பனையென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. வீட்டுப் பெண் ஒருத்தி சொல்லிச் சொல்லி வந்த கதை போலத்தான் இருக்கிறது.

உப்புக்காற்று:

தெய்வம் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டால் போதுமா ஐயா? அந்த ஆள் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடல் வாணிகத்துக்குப் போகிறேன் என்று கப்பலேறினான். திரும்பும்போது பாண்டிநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் இறங்கி, வேறு வணிகர் மகளைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினான். காரைக்காலில் இருந்தவளுக்கு ஒரு சொல் அனுப்பவில்லை. அவள் வீட்டையும் தன் அழகையும் அவன் வருவான் என்றே பேணிக்கொண்டிருந்தாள். சுற்றத்தார் கேள்விப்பட்டுப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போய் அவன் வாசலில் நிறுத்தினார்கள். இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து காலில் விழுந்தான். பயபக்தி என்பார்கள். பொறுப்பிலிருந்து தப்பிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

பழையடியான்:

குழந்தைக்குப் புனிதவதி என்று பெயர் வைத்திருந்தானே, அதை விட்டுவிட்டீர்கள். அவள்மேல் ஒரு பழிச்சொல் சொன்னானா? ஊரார் முன்னால் 'இவர் மானுடர் அல்லர்' என்றுதானே சொன்னான். பயந்தவன், அயோக்கியன் அல்லன்.

உப்புக்காற்று:

இரண்டாவது மனைவியிடம் அந்தப் பெயருக்குக் காரணம் சொல்லியிருப்பானா என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

வெண்பாக்காரன்:

பரமதத்தன் வழக்கை வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். நிரவி மகள் கேட்டது நல்ல கேள்வி. நூல்களைக் கால வரிசையில் அடுக்கினால் ஒன்று தெரியும்.

அம்மையார் காலத்தை அறிஞர்கள் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு என்று வைக்கிறார்கள். தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர், அதனால்தான் 'மூத்த' திருப்பதிகம். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் 'பேயார்க்கும் அடியேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்து நம்பியாண்டார் நம்பி, ஒரே பாட்டு. அதில் கயிலையைக் காலால் மிதியேன் என்று தலையால் நடந்தது உண்டு, உமை சிரித்தது உண்டு, சிவன் 'என் அம்மை' என்றது உண்டு. மாம்பழம் இல்லை. அதற்கும் பிறகு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் வரும்போதுதான் பழம், கப்பல், பாண்டிநாடு எல்லாம் வருகின்றன.

ஊரில் அதற்கு முன்பே கதை வழங்கியிருக்கலாம். எழுத்தில் கிடைப்பதை மட்டும் சொன்னேன்.

கல்லும் செம்பும்:

சிற்பமும் வெண்பாக்காரன் பக்கம்தான் நிற்கிறது. கம்போடியாவில் 967-இல் குடமுழுக்குக் கண்ட பாந்தியாய் ஸ்ரேய் கோயிலில், ஆடும் சிவனுக்குக் கீழே வற்றிய உடம்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அது அம்மையார் என்றுதான் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து நடராசர் சிற்பத்திலும் காலடியில் இருக்கிறார். இரண்டும் பெரியபுராணத்துக்கு முந்தியவை. கடல் தாண்டிப் போனது பேய் வடிவம்தான். பழத் தட்டு ஏந்திய மருமகள் அல்ல.

சோழர் காலச் செம்புச் சிலைகளில் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இன்னொன்று கான்சாஸ் சிட்டியில். பொலன்னறுவையில் கிடைத்ததும் உண்டு. படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். விலா எலும்பை எண்ணலாம். தொங்கிய மார்பு, கையில் தாளம். முகம் மட்டும் சிரிக்கிறது. அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, இவர் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். சிவனையே மகனாக்கிக்கொண்ட அம்மாவை நிற்கவைக்க எந்தச் சிற்பிக்கு மனம் வரும்?

நிரவி மகள்:

அப்படியென்றால் இன்னும் குழப்பம். வற்றலும் தொற்றலுமாக ஒரு பேயைச் சோழர்கள் செம்பில் வார்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள். நாங்கள் பட்டுச்சேலை கட்டிக் கல்யாணம் செய்துவைக்கிறோம்.

வாத்தியாரம்மா:

மாம்பழத்தைத் தேடியது போதும் கண்ணு. பாட்டுக்குள் வீடு இருக்கிறதா என்று தேடு. இருக்கிறது. நீ எதிர்பார்த்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். நான் வகுப்பில் நடத்திய காலத்தில் ஆலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டான 'கொங்கை திரங்கி'யோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைச் சொல்லவே ஆசிரியர்கள் கூசுவார்கள். அடுத்த பாட்டுக்கு யாரும் போவதில்லை. அதைத்தான் படிக்க வேண்டும்:

கள்ளிக் கவட்டிடைக் காலை நீட்டிக்
கடைக்கொள்ளி வாங்கி மசித்து மையை
விள்ள எழுதி வெடுவெடென்ன
நக்கு வெருண்டு விலங்கு பார்த்துத்
துள்ளிச் சுடலைச் சுடுபிணத்தீச்
சுட்டிட முற்றும் சுளிந்து பூழ்தி
அள்ளி அவிக்கநின் றாடும் எங்கள்
அப்பன் இடந்திரு ஆலங்காடே

என்ன நடக்கிறது பார். ஒரு பெண்பேய் கள்ளிச்செடியின் கவட்டில் காலை நீட்டி வசதியாக உட்கார்கிறது. சிதையிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்து, கரியை மசித்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. தானே வெடுவெடென்று சிரிக்கிறது. பிறகு எதற்கோ மிரண்டு அக்கம்பக்கம் பார்த்துத் துள்ளுகிறது. பிணம் எரியும் தீ சுட்டுவிடுகிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, புழுதியை அள்ளிப்போட்டு அணைக்கப் பார்க்கிறது. இதெல்லாம் ஒரு மூலையில் நடக்க, சிவன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்.

மையிட்டுக்கொள்ளத் தெரிந்த ஒருத்தி எழுதிய பாட்டு இது. மையைக் குழைக்கும் பதம், கை பட்டு நெருப்புச் சுட்டதும் வருகிற எரிச்சல் எல்லாம் அடுப்படியில் நின்றவளுக்குத்தான் இவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

அதே பதிகத்தில் இன்னொன்று. ஒரு தாய்ப்பேய் நிணத்தை விழுங்கிவிட்டு, மண்டையோட்டு மாலையைப் பூட்டிக்கொண்டு, தன் பிள்ளைக்குக் 'காளி' என்று பெயர் வைத்துச் சீராக வளர்க்கிறது. மேலே ஒட்டிய புழுதியைத் துடைத்துப் பால் கொடுக்கிறது. பிறகு எழுந்து போய்விடுகிறது. 'போயின தாயை வரவு காணாது அழுது உறங்கும் புறங்காடு.' பிள்ளை அம்மா வருவாள் என்று பார்த்துப் பார்த்து, அழுதழுது தூங்கிப்போகிறது.

நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். அழுது ஓய்ந்து தூங்கும் குழந்தையை ஒரு வரியில் இப்படி வைத்த இன்னொரு பழம்பாடல் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. குழந்தைக்குப் பெயர் வைப்பது, துடைப்பது, பாலூட்டுவது எல்லாம் வீட்டுக் காரியங்கள். விட்டுவந்த வீட்டை அவர் சுடுகாட்டில் மறுபடி கட்டி, பேய்களைக் குடிவைத்திருக்கிறார். பிள்ளை வரத்துக்கு மாம்பழம் பிடிக்க வருகிற பெண்களுக்கு இந்தப் பாட்டைத்தான் முதலில் படித்துக் காட்டுவேன்.

அரக்கோணம் பாசஞ்சர்:

டீச்சர் சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர்ப் பேய் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. திருவாலங்காடு எனக்குப் பக்கம். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் ரயில் நிலையம், அங்கிருந்து சிறிது தூரத்தில் வடாரண்யேசுவரர் கோயில், நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் இரத்தின சபை. காளியோடு போட்டி போட்டுச் சிவன் காலைத் தூக்கி ஆடிய இடம்.

பழையனூர் நீலி கதை எல்லோருக்கும் தெரியும். அது இதே ஊர்தான். வணிகன் ஒருவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'என் புருஷன் என்னைக் கைவிட்டான்' என்று பழையனூர் வேளாளர்களிடம் நியாயம் கேட்கிறாள். அவர்கள் அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிவதற்குள் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது வேளாளர் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. சம்பந்தர் இந்த ஊர்ப் பதிகத்தில் 'வஞ்சப்படுத்து ஒருத்தி வாழ்நாள் கொள்ளும் வகை கேட்டு' என்று பாடுவது இவளைத்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வணிகனின் மனைவி, கைவிடப்பட்டவள், பேயானவள், கள்ளி, குழந்தை. நீலி பழிவாங்க வந்தாள். அம்மையார் பரமதத்தனை ஒரு வார்த்தை கேட்கவில்லை; பாட்டு எழுதினார். ஒரே ஊர் இரண்டு பெண்பேய்களையும் பதினான்கு நூற்றாண்டாக மறக்காமல் வைத்திருக்கிறது.

உப்புக்காற்று:

நீலிதான் நியாயமான பெண் என்று சொன்னால் எல்லோரும் அடிக்க வருவீர்கள். ஆனால் சொல்லத்தான் தோன்றுகிறது.

பண்ணிசை:

அடிக்க வரமாட்டேன். ஆனால் அம்மையார் ஒதுங்கி உட்கார்ந்து புலம்பினார் என்ற தோற்றம் வந்துவிடக் கூடாது. இவர் இசைக்காரி. முதல் பதிகம் நட்டபாடைப் பண், இரண்டாவது இந்தளப் பண். 'துத்தம் கைக்கிள்ளை விளரி தாரம் உழை இளி' என்று சுரங்களை அடுக்கிவிட்டு, அதே பாட்டில் சச்சரி, கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை என்று ஒரு மேளக் கச்சேரியையே இறக்குகிறார். பத்துப் பாட்டும் முடிவில் பயன் சொல்லும் ஒரு பாட்டுமாகப் பதிகத்தை அமைக்கும் முறை இவரிடம் இருக்கிறது. தேவாரம் பின்னால் நடந்தது இந்த வழியில்தான். செம்புச் சிலையில் கையில் தாளம் இருப்பது சும்மா அல்ல.

வெண்பாக்காரன்:

டீச்சர் காட்டிய பாட்டுகளுக்கு என் பங்குக்கு அந்தாதியிலிருந்து ஒன்று:

நீயுலகம் எல்லாம் இரப்பினும் நின்னுடைய
தீய அரவொழியச் செல்கண்டாய் – தூய
மடவரலார் வந்து பலியிடார் அஞ்சி
விடவரவம் மேலாட மிக்கு

'உலகமெல்லாம் சுற்றிப் பிச்சை எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பொல்லாத பாம்பை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போ. அது மேலே நெளிந்தால் பெண்கள் பயந்துகொண்டு பிச்சையிட வர மாட்டார்கள்.' வாசலுக்கு வருகிறவனைக் கதவுக்கு உள்ளேயிருந்து பார்த்த கண் இது. நிரவி மகளே, உங்கள் ஊர் விழாவில் பிச்சாண்டவர்தானே வீதியுலா வருகிறார்? மாம்பழம் இல்லாவிட்டால் போகிறது, பிச்சைக்காரனும் பிச்சையிடும் பெண்ணும் பாட்டில் இருக்கிறார்கள்.

ஆனால் பழையடியானிடம் ஒரு கேள்வி. 61ஆம் வெண்பாவில் 'அன்றும் திருவுருவம் காணாதே ஆட்பட்டேன், இன்றும் திருவுருவம் காண்கிலேன்' என்கிறார். உன் கடவுள் எப்படி இருப்பார் என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல, உன் உருவம்தான் எது என்று அவனையே கேட்கிறார். கயிலைக்கே போய் 'அம்மையே' என்று அவன் அழைக்க 'அப்பா' என்று காலில் விழுந்தவர் இப்படிப் பாடுவாரா?

பழையடியான்:

சேக்கிழாரை ஊன்றிப் படித்தால் விடை அங்கேயே இருக்கிறது தம்பி. கணவன் கும்பிட்ட இடத்தில் 'இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து' பேய் வடிவு கேட்கிறார். கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் அந்தாதியும் இரட்டை மணிமாலையும் பாடுகிறார். கயிலைப் பயணம் அதற்கு அப்புறம். அங்கே பிறவாமை கேட்டு, பிறந்தால் மறவாமை கேட்டு, நீ ஆடும்போது அடியின்கீழ் இருக்க வேண்டும் என்று கேட்டபின் ஆலங்காட்டுக்கு வந்து இரண்டு பதிகங்களைப் பாடுகிறார். அந்தாதியில் காணவில்லை என்பவர் பதிகத்தில் ஆட்டத்தை நேரில் பார்த்துப் பாடுகிறார். முரண் எங்கே?

வெண்பாக்காரன்:

முரண் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்குத் தெரிவது வேறு. எந்த நூலில் கண்டேன் என்கிறார், எதில் காணவில்லை என்கிறார் என்று சேக்கிழார் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கதையை அதற்கேற்றபடி அடுக்கியிருக்கிறார். அவர் சோழ அரசில் பெரிய பதவியில் இருந்தவர் என்பது நினைவிருக்கட்டும். ஆவணம் படிக்கத் தெரிந்த கை.

பழையடியான்:

அதை அருள் என்று நான் சொல்வேன். நீங்கள் அமைச்சர் வேலை என்கிறீர்கள்.

நிரவி மகள்:

எல்லோருக்கும் நன்றி. மை தீட்டும் பேயைப் படித்துவிட்டு அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஆண்டாள் மாதிரி, அக்கமகாதேவி மாதிரி, இவர் ஏன் இறைவனைக் காதலனாகப் பாடவில்லை?

வாத்தியாரம்மா:

ஆண்டாள் யானைகள் சூழக் கல்யாணக் கனவு கண்டாள். அக்கமகாதேவிக்குச் சென்னமல்லிகார்ச்சுனன்தான் கணவன். மீராவுக்குக் கண்ணன். மூவரும் மனிதக் கணவனை மறுத்துத் தெய்வக் கணவனிடம் போனார்கள். இவருக்குக் கல்யாணம் ஏற்கெனவே ஒரு முறை ஆகி, என்ன நடந்தது என்று பார்த்தாகிவிட்டது. மறுபடி மணமகள் வேடமா? பதிகம் முழுக்க 'எங்கள் அப்பன்' என்றே முடிக்கிறார். சிவனோ 'அம்மையே' என்கிறான் என்று கதை. இவள் மகளா, தாயா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். மனைவி என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. நாயன்மாரில் பெண்கள் மூவர். மற்ற இருவரும், மங்கையர்க்கரசியும் இசைஞானியாரும், கணவனோடு சேர்ந்தே நாயன்மார் ஆனவர்கள். இவர் தனியாக ஆனவர்.

உப்புக்காற்று:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன் டீச்சர்.

பண்ணிசை:

இரட்டை மணிமாலையை யாரும் தொடவில்லையே. வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வருகிற 20 பாட்டு. முதல் பாட்டே தன் நெஞ்சைப் பார்த்துப் பேசுவது: 'கிளர்ந்துந்து வெந்துயர் வந்தடும்போது அஞ்சி நெஞ்சமென்பாய்த் தளர்ந்திங்கு இருத்தல் தவிர்தி கண்டாய்.' துன்பம் வந்து தாக்கும்போது பயந்துகொண்டு இப்படிச் சோர்ந்து உட்காராதே என்று நெஞ்சை அதட்டுகிறார். பிறகு கங்கையும் இளந்திங்களும் எருக்கும் இருக்கும் தலையை நோக்கித் திருப்பிவிடுகிறார். அந்தாதி பெரிது, பதிகம் கடினம் என்று தயங்குகிறவர்கள் இதில் தொடங்கலாம்.

வெண்பாக்காரன்:

நான் அந்தாதியில் தொடங்கச் சொல்வேன். 'பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம்' என்று தொடங்கி 101ஆவது வெண்பா 'பிறந்து' என்றே முடிவதால் எந்தப் பாட்டில் நுழைந்தாலும் சுற்றி வந்துவிடலாம். 'இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்' என்ற இரண்டாம் பாட்டை விட்டுவிடாதீர்கள். துன்பத்தை நீக்காவிட்டாலும் சரி, இரங்காவிட்டாலும் சரி, அன்பு அறாது என்கிறார். பேரம் பேசாத பக்தி.

வாத்தியாரம்மா:

இரண்டு பேரும் ஆண்பிள்ளைகள் மாதிரியே ஒழுங்கான இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள். ஆலங்காட்டுப் பதிகத்தில் தொடங்கு நிரவி மகளே. உரை இல்லாமல் ஒரு முறை உரக்கப் படி. புரியாத சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பங்குனிச் சுவாதி அம்மையாரின் குருபூசை நாள். முடிந்தால் அன்று ஆலங்காட்டுக்குப் போய்வா, அரக்கோணத்துத் தம்பி வழி சொல்வார்.

அரக்கோணம் பாசஞ்சர்:

சென்னையிலிருந்து வந்தால் எல்லா ரயிலும் திருவாலங்காட்டில் நிற்காது, பார்த்து ஏறுங்கள். நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஆட்டோ கிடைக்கும். திரும்பி வருவதற்கும் அதையே பேசி வைத்துக்கொள்வது நல்லது.